ஏழாம் பிரிவும் முதல் பக்கமும்

பூதலப்பட்டு,
17 ஏப்ரல் 2023

கேசியாவுக்கு,

உன் அண்ணி ஞானமணி எழுதுவது. 'கிறிஸ்துவுக்குள் பிரியமான' என்று தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு முதல் வரியிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போனில் கேட்கலாமே என்பாய். பேசினால் நான் கத்துவேன், நீ பட்டென்று கட் செய்வாய். 2019-இல் அதுதான் நடந்தது. அதுவுமில்லாமல் இது காகித விஷயம். காகித விஷயத்தைக் காகிதத்தில்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவள் நீதான்.

மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள். நம் எட்டு ஏக்கர் தோத்தாபுரி மாங்காய் முழுவதையும் மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். பதினாறு பக்கம் இங்கிலீஷில் அக்ரிமெண்ட். ஏஜெண்டு தனசேகர், "சும்மா ஃபார்மாலிட்டிதாங்க்கா, ஊரே போட்டுக்கினு இருக்குது" என்கிறான். உன் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். சித்தூரில் இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். "எல்லா வார்த்தையும் தெரியுது ஞானம், இன்னா சொல்றான்னுதான் தெரியல" என்கிறார்.

போன தடவை, 2019-இல், நீ சிவப்புப் பேனாவால் பதினொரு இடத்தில் கோடு போட்டு அனுப்பினாய். கையெழுத்துப் போட வேண்டாம் என்றாய். அவர்கள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். நம் காய் மரத்தடியில் விழுந்து புளித்தது. வேலைக்கு வரும் யமுனாவும் நானும் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டினோம். பத்து நாள் கொட்டினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, மறைக்கவும் மாட்டேன்.

இந்த வருஷமும் காய் விழுந்தால் தோட்டத்தை லே-அவுட் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவதாக உன் அண்ணன் சொல்லிவிட்டார். பட்டா அவர் பெயரில் இருக்கிறது, அவர் கொடுக்கலாம். மரத்தை வளர்த்தது மட்டும்தான் நான். மே பதினைந்துக்குள் கையெழுத்தாக வேண்டும்.

ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதற்காக உன்னைக் கேட்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்.

ஞானமணி


திருப்பதி,
20 ஏப்ரல் 2023

அண்ணிக்கு,

கொரியர் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன்.

முதலில் ஒன்று. 2019-இல் 'கையெழுத்து வேண்டாம்' என்று நான் எழுதவில்லை. 'இவற்றை மாற்றித் தரும்படி கேட்டுவிட்டுப் பிறகு போடுங்கள்' என்றுதான் எழுதினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே நீங்கள் போனில் கத்தினீர்கள். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம் என்றும் சொன்னீர்கள். சரி, அது இப்போது வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பிரிவு 4: வழங்குநர் தமது நிலத்தின் விளைபொருள் அனைத்தையும் தனியுரிமை அடிப்படையில் கொள்முதலாளருக்கு மட்டுமே வழங்கக் கடமைப்பட்டவர். பிரிவு 7: தரம் குறித்த கொள்முதலாளரின் தீர்மானம், அவரது முழுத் தன்விருப்பின்பாற்பட்டு, இறுதியானது. பிரிவு 14: முந்தைய வாய்மொழி உறுதிகள் யாவற்றையும் இவ்வொப்பந்தம் பதிலீடு செய்கிறது.

மற்றவற்றில் பெரிய ஆபத்து இல்லை. முடிவு உங்களுடையது.

கேசியா


பூதலப்பட்டு,
24 ஏப்ரல் 2023

கேசியாவுக்கு,

நல்லா இருக்கிறது நீ சொன்ன லட்சணம்! இங்கிலீஷில் புரியாமல் இருந்தது, இப்போது தமிழிலும் புரியவில்லை. 'தன்விருப்பின்பாற்பட்டு' என்று யமுனாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாவுப் பத்திரிகை என்று நினைத்து, "யாரு செத்துட்டதுக்கா?" என்று கேட்டாள்.

உனக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்கா எழுதினாய், எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்கா? நான் ஒரு லாரியில் காய் ஏற்றி அனுப்புகிறேன். அதன் பிறகு எனக்கு என்ன நடக்கும்? அப்படிச் சொல். கெட்டது நடந்தால் யார் தலையில் விழும் என்று சொல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுது. பேசமாட்டாய், சரி, அந்த மாதிரியாவது எழுது.

2019 பற்றி நீ சொல்வதை நான் நம்பவில்லை. "கேசியா வேண்டாங்கிறா, அவங்களும் போய்ட்டாங்க" என்று உன் அண்ணன்தான் என்னிடம் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். ஆகவே நீதான் மறந்திருப்பாய்.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம் என்று நான் சொன்னது உண்மை. சொல்லிவிட்டு உனக்கும் சேர்த்துத்தான் முறுக்குப் பிழிந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞானமணி


திருப்பதி,
27 ஏப்ரல் 2023

அண்ணி,

நீங்கள் திட்டியது சரிதான். ஆபீஸில் இப்படி எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் கைக்கு அதுவே வருகிறது. மறுபடி எழுதுகிறேன்.

நாலாம் பிரிவு. தோட்டத்தில் காய்க்கும் ஒவ்வொரு காயும் அவர்களுக்குத்தான். நீங்கள் ஊறுகாய்க்கு நாலு காய் எடுத்தாலும், அறுப்புப் பண்டிகைக்குக் கோயிலில் ஒரு கூடை வைத்தாலும் அக்ரிமெண்டை மீறியதாக அவர்கள் சொல்லலாம். சொல்வார்களா என்று கேட்டால், உறவு நன்றாக இருக்கும்வரை சொல்ல மாட்டார்கள். கெட்டுப்போனால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

பதினாலாம் பிரிவு. தனசேகர் உங்களிடம் வாயால் என்னென்ன சொன்னார்? அதற்கெல்லாம் மதிப்பில்லை என்பதுதான் இது. காய் பறித்த ஆறு மணி நேரத்தில் லாரி வரும் என்று சொல்லியிருப்பார், எல்லா ஏஜெண்டும் சொல்வதுதான். பதினாறு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை. காகிதத்தில் இல்லாதது, சொல்லாததற்குச் சமம்.

ஏழாம் பிரிவுதான் பெரியது. உங்கள் லாரி ஃபேக்டரி வாசலுக்குப் போய் நிற்கும். அவர்களுக்கு எப்போது வசதியோ அப்போது வந்து பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நின்று பழுத்துப்போன காயோடு லாரி உங்கள் வீட்டுக்கே திரும்பும். 2019-இல் குழியில் கொட்டியது போலவே கொட்ட வேண்டியிருக்கும், ஆனால் இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொட்டுவீர்கள். வேறு யாருக்கும் விற்கவும் முடியாது, நாலாம் பிரிவு தடுக்கும்.

இந்த ஏழாம் பிரிவை மாற்றுவது கஷ்டம். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணி, அதை எழுதியவள் நான்தான்.

இப்போதைய வேலைக்கு முன்னால் இங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தேன். வேறொரு கம்பெனிக்காக எழுதினேன். விவசாயி எந்தப் பக்கம் தோண்டினாலும் மண்வெட்டி உள்ளே இறங்கக் கூடாது என்றார் சீனியர். நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன், சபாஷ் என்றார். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த மாதிரிக் காகிதங்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது நம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு எழுத்து மாறவில்லை. முதல் தடவை படித்தபோதே தெரிந்தது, போன கடிதத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது.

இனி உங்களுக்கு என்மேல் கோபம் வர ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.

கேசியா


பூதலப்பட்டு,
2 மே 2023

பிரியமான கேசியா,

கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் வந்தது, உண்மைதான். அதற்குள் வேறொன்று தெரிந்துவிட்டதால் அது போய்விட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று மேனேஜர் முரளிதரன் நம் வீட்டுக்கு வந்தார், தனசேகரும் கூட. உன் அண்ணன் நாற்காலி போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். நான்தான் பேசினேன். பதினொன்றைக் கேட்டால் ஆள் ஓடிவிடுவான் என்று எனக்குத் தெரியும். பூச்சி மருந்துக் கடையிலும் கூலி பேசும்போதும் பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலைதானே. மூன்றே கேட்பது, அதிலும் இல்லை என்று சொல்ல முடியாததை முதலில் கேட்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அதனால் கோயில் கூடையை முதலில் எடுத்தேன். "சாமிக்கு வெக்கிற காயும் உங்களுக்கேவா சார்?" என்றேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். திருமலைக்கு மாதம் ஒரு தடவை அலிபிரி வழியாக நடந்தே ஏறுகிறவராம். "சே சே, அதி மீதேனம்மா" என்றார், அது உங்களுடையதுதான் என்று. வீட்டுக்கும் கோயிலுக்கும் உறவுக்கும் எடுப்பது அக்ரிமெண்டில் சேராது என்று அங்கேயே பேனாவால் எழுதினார்.

அடுத்தது லாரி. "ஆறு மணி நேரத்துல வந்துடும்னு தனசேகர் சொன்னாரே, எந்தப் பக்கத்துல இருக்குது?" என்றேன். தனசேகர் சுவரைப் பார்த்தான். மேனேஜர், "அது வந்துடும்மா, லேட்டே ஆகாது" என்றார்.

"லேட்டே ஆகாதுன்னா எழுதறதுக்கு இன்னா சார்?"

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார், ஒரு பார்வை பார்த்தேன். கடைசியில் எழுதினார். தாமதமானால் அந்த லோடை நான் வேறு யாருக்கும் விற்கலாம் என்றும் எழுத வைத்தேன்.

உன் ஏழாம் பிரிவு மட்டும் நடக்கவில்லை. "அதி குதரதம்மா, ஹெட் ஆபீஸ்" என்று கையை விரித்துவிட்டார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், போ.

இப்போது அந்த வேறொன்று. கிளம்பும்போது தனசேகர் சிரித்துக்கொண்டே, "இந்த வாட்டி நீங்களே பேசினது நல்லதாப் போச்சுக்கா. போன வாட்டி சார் பேப்பர் திருத்திக் குடுத்துட்டாரே" என்றான். என்னடா என்றேன். நீ உன் அண்ணனுக்காகக் கோடு போட்டு அனுப்பினாயே, அந்தக் காகிதத்தையே அவர் ஃபேக்டரிக்குக் கொடுத்திருக்கிறார்! அதோடு விட்டாரா? உன் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இவரும் இங்கிலீஷ் தப்புகளையெல்லாம் திருத்தி, கடைசிப் பக்கத்தில் 'ரீரைட் அண்ட் சப்மிட்' என்று போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அப்போதிருந்த பெரிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டு நேராகப் பக்கத்து ஊருக்கு வண்டியை விடச் சொன்னாராம்.

உள்ளே போய் இவரைக் கேட்டேன். காது இரண்டும் மிளகாய்ப் பழம். "தப்பு இருந்தா திருத்தித்தானே குடுப்பாங்க" என்கிறார். உன் கடிதத்தில் இருந்ததையும் ஒத்துக்கொண்டார். நீ எழுதியது 'கேட்டுவிட்டுப் போடுங்கள்' என்றுதான். அவருக்குப் பொய் வராது, ஆனால் பாதியை விழுங்க வரும் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

கேசியா, நாலு வருஷம் உன்னைத் திட்டினேன். சபையில் எல்லோர் முன்னாலும் திட்டினேன். அது தப்பு. என்னை மன்னித்துவிடு. கண்ணீர் விட்டு எழுத எனக்கு வராது, இவ்வளவுதான் வரும்.

உன் அண்ணி,
ஞானமணி


திருப்பதி,
5 மே 2023

பிரியமான அண்ணிக்கு,

'ரீரைட் அண்ட் சப்மிட்' படித்துவிட்டு ஆபீஸில் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேசை ரூபா என்னவென்று கேட்டாள், சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. நாலு கிறிஸ்துமஸ் இந்த அறையில் தனியாக பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், இந்த வருஷம் முறுக்கைக் கணக்கு வைக்காமல் போடுங்கள்.

ஏழாம் பிரிவைப் பற்றி நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அது எவ்வளவு கெட்டது என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படி எழுதச் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. எல்லா ஃபேக்டரிக்கும் ஒரு பயம் உண்டு. உங்கள் தோட்டத்துக் காய் என்று சொல்லி வேறு எங்கோ மலிவாக வாங்கிய காயைக் கலந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதற்காகத்தான் வாசலில் நிறுத்தி எதையும் திருப்பலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நீங்கள் வேறு வழி காட்டினால், அவர்களுக்கு அந்தப் பிரிவு தேவைப்படாது. நாலு நாள் உட்கார்ந்து அதை எழுதினேனே, அப்போது இது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நீங்கள் மேனேஜரிடம் பேசியதைப் படித்தபோதுதான் தோன்றியது.

தனித்தாளில் புது ஏழாம் பிரிவை எழுதி வைத்திருக்கிறேன். இங்கிலீஷிலும் தெலுங்கிலும் இருக்கிறது. தமிழில் உங்களுக்காக: 'காயைத் தோட்டத்திலேயே, லாரியில் ஏற்றும் முன்பு, இரு பக்கத்து ஆட்களும் நின்று பார்க்க வேண்டும். பார்த்து ஏற்றிய காயைப் பிறகு திருப்பக் கூடாது. வேண்டாம் என்றால் ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.' யமுனாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். யார் செத்தது என்று கேட்டால் மறுபடி எழுதுகிறேன்.

இன்னொன்று. இதைக் காகிதம் படிக்கிறவளாகச் சொல்லவில்லை, உங்கள் நாத்தனாராகச் சொல்கிறேன். முதல் பக்கத்தைப் பாருங்கள். 'வழங்குநர்' என்ற இடத்தில் கிளமென்ட் என்று அண்ணன் பெயர் மட்டும் இருக்கிறது. உங்கள் பெயர் பதினாறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. நாளைக்கு ஒரு தகராறு வந்தால் பேச உங்களுக்கு உரிமை இல்லை. நடுவில் அண்ணன் மனசு மாறி லே-அவுட்காரரிடம் போனாலும் உங்களை யாரும் கேட்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்குத் தோட்டம் உங்கள் பொறுப்பு என்று அண்ணன் ஒரு தாளில் எழுதித் தந்தால், அக்ரிமெண்டை உங்கள் பெயரிலேயே போடலாம்.

கேசியா


பூதலப்பட்டு,
8 மே 2023

கேசியா,

புது ஏழாம் பிரிவை யமுனா ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். "அப்ப நானும் நின்னு பாக்கலாமா?" என்று கேட்டாள். பாஸ்.

முதல் பக்க விஷயம்தான் கஷ்டம். மேனேஜரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கிறேன், எனக்கென்ன. இவரிடம் எப்படிக் கேட்பேன்? பத்தொன்பது வருஷத்தில் இவரிடம் நான் எனக்கென்று ஒன்றும் எழுதி வாங்கியதில்லை. நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார். இதை விட்டுவிடலாமா?

ஞானமணி


திருப்பதி,
10 மே 2023

அண்ணி,

விடக் கூடாது. நீங்கள் கேட்காவிட்டால் நான் கோபித்துக்கொள்வேன், இந்தத் தடவை நாலு வருஷம் போதாது.

கேசியா


பூதலப்பட்டு,
16 மே 2023

பிரியமான கேசியா,

சனிக்கிழமை சாயந்திரம் கேட்டேன். மரங்களுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, இவர் வரப்பில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை. நீ எழுதியதை அப்படியே சொன்னேன்.

"எம்மேல நம்பிக்கை இல்லையா ஞானம்?" என்றார். நான் பயந்த கேள்வி அதுதான்.

"நம்பிக்கை இருக்கறதாலதான் உங்களை நேரா கேக்கறேன். இல்லன்னா வக்கீலண்டை போயிருப்பேன்" என்றேன். இன்னும் ஒன்று சொன்னேன். "தோட்டத்தை வித்துடலாம்னு சொன்னீங்களே, அப்ப நான் ரெண்டு நாள் துன்னலை. நீங்க பாக்கவே இல்லை." சொல்லும்போது குரல் நடுங்கியது. மேனேஜரிடம் நடுங்காத குரல்.

இவர் அடுத்த விடைத்தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் பேசவில்லை, பாட்டு மட்டும் சத்தமாகப் பாடினார்.

நேற்று ஃபேக்டரிக்குப் போனோம். முதலில் ஏழாம் பிரிவு. முரளிதரன் உன் தாளைப் பார்க்காமலே தள்ளினார். "வேற தோட்டத்துக் காய் கலந்துடுவோம்னு உங்களுக்கு பயம், அது நியாயம்தான் சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்து நியாயத்தை எவனும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டான் போல. "உங்க ஆளு எங்க தோட்டத்துக்கே வரட்டும், மரத்துல இருந்து எறங்கறதைக் கண்ணால பாக்கட்டும். வாசல்ல நின்னு பாக்கறதைவிட உங்களுக்கு அது நல்லதில்லையா?" அப்புறம்தான் தாளை எடுத்துப் படித்தார். ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பேசினார். திரும்பி வந்து, சரி என்றார். இனி மற்ற தோட்டக்காரர்களுக்கும் இப்படியே போடலாமா என்று ஹெட் ஆபீஸில் கேட்டிருக்கிறார்களாம்.

"எவரம்மா ராசிந்தி இதி, இவ்வளவு தெளிவா?" என்று கேட்டார். என் நாத்தனார் எழுதினாள் என்றேன். பழையதையும் நீதான் எழுதினாய் என்று சொல்லவில்லை. அந்தப் பெருமை நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

பிறகு பக்கங்களைப் புரட்டி, "சார், இக்கட" என்று விரலை வைத்து உன் அண்ணனிடம் பேனாவை நீட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பேசாத மனிதரிடம் ஃபேக்டரியில் வைத்து என்ன கேட்பது?

உன் அண்ணன் பேனாவை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "மூணு வருஷத்துக்குத் தோட்டம் அவங்க பொறுப்பு. எழுதிக்கினு வந்திருக்கேன். அவங்க போடுவாங்க, நான் சாட்சி" என்றார். என்னைப் பார்க்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. ஆனால் கேசியா, அது பொய்க்குச் சிவந்ததில்லை.

முதல் பக்கத்தை மறுபடி டைப் அடிக்க வேண்டுமே என்று மேனேஜர் முணுமுணுத்தார். அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிரிண்டர் மக்கர் செய்தது, ஒரு மணி நேரம் ஆயிற்று. என்னைக் கேட்டால் ஒரு நாள் ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். பக்கம் வந்ததும் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன், இந்த இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. வழங்குநர், ஞானமணி. பக்கத்தில் 'கிளமென்ட்டின் மனைவி' என்று போட்டிருந்தார்கள். அதையும் எடுத்துவிடட்டுமா என்று மேனேஜர் கிண்டலாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் பக்கத்தில் அவரும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அண்ணி,
ஞானமணி